எத்தனை முறை குடித்தான்

ஜூலை 1, திங்கள்
மூன்று மாத விடுப்பு முடிந்தது. மறுபடியும் தையல் வரிசை, சட்டைக் காலர். பால் பீய்ச்ச ஆலையில் இடம் ஏது? பெண்கள் தொழும் அறையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். "பத்து நிமிஷம்தான் மூர்னி. உன் பிள்ளைக்காக சரக்குக் கப்பல் நிக்காது" என்றார் மேற்பார்வையாளர். அவருக்கும் மூன்று பிள்ளைகள். காற்றைக் குடித்தா வளர்ந்தார்கள்?

பகலில் என் மகன் பகஸ் நாத்தனார் நார்சியிடம். அவளுக்கும் கைக்குழந்தை, வூலான்.

ஜூலை 9
பைகளில் தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவருகிறேன். வாசலில் நார்சியிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன். பால் ஊற மூன்று வேளையும் காத்தூக் கீரை. என் மேலேயே முளைத்துவிடும் போல.

ஜூலை 17
மாலையில் மார்பில் போட்டால் தள்ளுகிறான். முதுகை வளைத்துக் கத்துகிறான். என் வியர்வை நாற்றமோ?

ஜூலை 19, வெள்ளி
ஆலையில் மின்சாரம் போய் மதியமே அனுப்பிவிட்டார்கள். நார்சி வீட்டுக்கு ஓடினேன்.

நார்சி மடியில் பகஸ். கண்மூடிக் குடித்துக்கொண்டிருந்தான். ஃபிரிட்ஜைத் திறந்தேன் — என் பைகள் அப்படியே. ஒன்றுகூடக் குறையவில்லை.

"புட்டியத் தொடமாட்டேங்கிறான் அண்ணி. அழுது அழுது மூச்சே நின்னுடும் போல இருந்துச்சு. பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"எத்தனை தடவை?"

"எண்ணலை."

வயிறார ஐந்து முறை குடித்தால் அவளும் அவனுக்குத் தாய், எங்கள் மார்க்கத்தில். ஐந்தா? மூணு வாரம்! ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஜூலை 20
கணவர் தர்சோ சொல்கிறார்: "புள்ள பசியாறிடுச்சுல்ல, அப்புறம் என்ன?"

ஜூலை 28, ஞாயிறு
அவனை இன்று யாரிடமும் கொடுக்கவில்லை. அவனுக்குப் புட்டியும் வேண்டாம், நானும் வேண்டாம். மதியத்துக்குள் அழவும் தெம்பில்லாமல் போய்விட்டது. நானே தூக்கிக்கொண்டு நார்சி வீட்டுக்கு நடந்தேன். அவள் கையை நீட்டி வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
நார்சியின் பால் இருவருக்கும் போதவில்லை. அவள் மடியில் பகஸ். பாயில் கிடந்து வூலான் வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்கே பால் கசிந்து என் சட்டை நனைந்துவிட்டது.

"அண்ணி..." என்றாள் நார்சி.

வூலானை எடுத்து அணைத்தேன். வெடுக்கென்று பிடித்துக்கொண்டாள். பால் கட்டிய வலி குறையக் குறைய எனக்கு அழுகைதான் வந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுத்தோம். பகஸ் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.