பாட்டி வருவாள் என்று சொன்னாயாமே

அன்புள்ள பீட்டருக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அந்த நலம் கெடாதிருக்க என்னை வேலையை விடச் சொல்கிறாயே. ஃபோனில் என்றால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே மழை விடவில்லை, மிளகுக் கொடியெல்லாம் வாடல் நோய், வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலையில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறேன். தோட்டக்கலை அலுவலர் வேலையை உதறிவிட்டு ஸ்டாக்ஹோம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள் என்று நீ சொன்னதும் அப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டார், தனக்கு யார் சமைப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. நானும் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன், உன் மனைவி ஜெசிந்தா பேசும்வரை. அந்த நாட்டில் தகப்பனுக்கென்றே உதவித்தொகையோடு விடுப்பு உண்டாம், அவன் எடுக்காவிட்டால் தாய்க்கும் அது சேராதாம். பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று நீ வேண்டாம் என்கிறாயாம். ஏன் எடுக்கவில்லை என்று உன் மேலதிகாரி கேட்டதற்கு, எங்கள் கலாச்சாரத்தில் பாட்டிதான் குழந்தை வளர்ப்பாள் என்றாயாமே. எந்தக் கலாச்சாரம், பீட்டர்?

எங்கள் நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் பெருமாயி இந்த மலைக்காரி. இவர்களில் பெண்ணுக்குப் பரியப் பணம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. முதல் புருஷன் சரியில்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டாள், ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அதற்காக இது பெண்களின் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன், அவள் களையெடுக்கும் காட்டின் பட்டாவில் அவள் பெயர் இல்லை, கேட்டால் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு வழக்கமும் சட்டமும் கைகொடுத்தது அவ்வளவுதான். உனக்குச் சட்டமே கையில் கொடுத்தும் வழக்கத்தின் பின்னால் ஒளிகிறாய். விஷயம் தெரிந்து அவள், "ஏனுங்கம்மா, கவர்மெண்டே லீவு குடுத்தும் புள்ளையத் தூக்க மாட்டேங்கறாருங்களா? அந்தக் குளிருக்குக் கை வெறச்சுப் போச்சாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நான் வராவிட்டால் ஜெசிந்தா வேலையை விடட்டும் என்று அடுத்து நீ சொல்வாய், விடாதே என்று அவளுக்கும் எழுதிவிட்டேன். பெற்ற பையனிடம் இவ்வளவு கடுமை ஆகாது என்கிறார் அப்பா. ஆகட்டும்.

குளிர் என்று குழந்தைக்குத் துணியை அடுக்காதே, வியர்த்தால் சளி பிடிக்கும். ஜெசிந்தாவிடம் சொல்லிவிடு என்று இதை எழுதவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். அவளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு, விடுப்புக்கு எழுதிக் கொடுத்த பிறகு.

இப்படிக்கு,
உன் அம்மா ஸ்டெல்லா
செம்மேடு, கொல்லிமலை