கீழ்க்கோட்டில் போட்ட கையெழுத்து

நேற்று தபாலில் ஒரு அட்டை வந்தது. கோலாலம்பூருக்கு என்னை அழைத்திருக்கும் நம் மகள், அங்கே செலவுக்கு வைத்துக்கொள் என்று அதில் பணம் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுதான். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கையெழுத்துப் போட ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நாம் இருவரும் அங்கே போனோமே, அதைத்தான் சொல்கிறேன். அவளுக்குத் தலைப்பிரசவம். பிரஷர் அதிகம், விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பிரசவம் தாய்வீட்டுச் செலவு. மகள் வர முடியாவிட்டால் தாய்வீடு அங்கே போகும் என்று சொல்லிவிட்டீர்கள். மாப்பிள்ளை அப்போதுதான் வேலை மாறியிருந்தார், சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிப் பணத்துக்கு அவர் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்பதில் நீங்கள் பிடிவாதமாக இருந்தீர்கள். மூன்று வருஷம் உப்பளத்தில் உழைத்துச் சேர்த்தது முழுக்க அதற்கென்றே எடுத்து வைத்தீர்கள்.

அந்தப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு மாதம் பேசினோம். ரொக்கமாக மாற்றி உள்பாவாடையில் பை தைத்து எடுத்துப் போகலாம் என்றேன் நான். "ஏர்போர்ட்ல உன்னைத் தடவிப் பாப்பாங்களே, அப்ப என்னா பண்ணுவ?" என்று சிரித்தீர்கள். மாப்பிள்ளை போனில் ஏடிஎம் கார்டு வாங்கச் சொன்னார். திண்டிவனத்தில் யாருடைய கார்டையோ மிஷின் விழுங்கிவிட்டதாம், அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "முழுங்கிட்டா அந்த ஊர்ல யாரைப் போயி கேக்கறது?" என்றீர்கள். கடைசியில் கூனிமேட்டு பாய்தான் வழி சொன்னார். துணி வாங்க மலேசியா போய் வருகிறவர். "டிராவலர்ஸ் செக் வாங்கிக்குங்க. தொலைஞ்சாலும் நம்பரைச் சொன்னா பணம் திரும்பக் கெடைக்கும். கைச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் ரிங்கிட் வெச்சுக்குங்க, போதும்" என்றார்.

பாண்டிச்சேரிக்கு நீங்கள் மட்டும் போய் வாங்கி வந்தீர்கள். பளபளவென்று பத்துத் தாள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல்கோட்டில் எல்லாம் உங்கள் கையெழுத்து இருந்தது. கீழ்க்கோடு காலி.

நம் வீட்டில் காகிதம் என்றால் அது என் இலாகா. நீங்கள் மூன்றாவது, நான் எட்டாவது. உப்பளத்தில் வேலை இல்லாத மாதங்களுக்குத் தரும் மழைக்கால உதவிப் பணத்துக்கு உப்பளச் சங்கத்தில் எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் நான்தான் உடன் வருவேன். ஒரு கோடு விட்டுப்போனாலும் நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார்கள். அன்றைய கூலி போகும். அதனால் கோடு என்று ஒன்று கண்ணில் பட்டால் அங்கே கையெழுத்து விழுந்தாக வேண்டும் என்பது நம் தெருவுக்கே சட்டம்.

"கீழ எல்லாம் காலியா இருக்குதே, விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க போயி, அவங்க எதிர்ல போடணும்னு சொன்னாங்க."

"எங்க போட்டா என்னா? அங்க வரிசையில நிப்பாங்க. நீங்க ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடிப் போட்டுனு இருப்பீங்களா? மாப்பிள்ளை எதிர்ல மானம் போவும். இப்பவே போட்டு முடிங்க."

என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு உட்கார்ந்து பத்துத் தாளிலும் போட்டீர்கள். உப்புத் தண்ணீரில் வெடித்த விரலால் பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழுப் பெயரும் தமிழில். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுகூட விடுபடவில்லையே என்று சரிபார்த்தேன். கெட்டிக்காரி!

நாம் போய் இறங்கிய மறுநாளே அவளுக்கு பிரஷர் ஏறிவிட்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள், பணம் கட்டச் சொன்னார்கள். மாப்பிள்ளையோடு பணம் மாற்றும் கடைக்கு ஓடினோம். அங்கிருந்தவன் ஒரு தாளைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான், கட்டோடு திருப்பித் தள்ளினான். இரண்டு கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தால் யார் போட்டது என்று அவனுக்கு எப்படித் தெரியும், எடுக்க மாட்டேன் என்கிறான் என்று மாப்பிள்ளை சொன்னார். அவள் அங்கே ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறாள், உங்கள் மூன்று வருஷ உழைப்பு கையில் வெறும் காகிதமாக இருக்கிறது.

அடுத்த தெருவில் ஒரு பேங்க். நல்லவேளையாக அங்கே உட்கார்ந்திருந்தவள் தமிழ்ப் பெண். தாள்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யாருங்க இப்படி முன்னாடியே போடச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். படித்த மாமியார் என்று அவர் வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தாம்மா. அவசரப்பட்டுட்டேன். படிக்காதவன்" என்றீர்கள்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தன் எதிரிலேயே மறுபடி போடச் சொன்னாள். ஒத்துப்போனால்தான் பணம் என்றாள். முதல் இரண்டும் ஒத்துப்போயின. மூன்றாவதில் எழுத்து கோணிக்கொண்டது. அவள் அதைத் தனியாக எடுத்து வைத்தாள். நீங்கள் பேனாவைக் கீழே வைத்து, உள்ளங்கையை வேட்டியில் துடைத்தீர்கள். நமக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "மெதுவா போடுங்க ஐயா, நான் இருக்கேன்" என்றாள் அந்தப் புண்ணியவதி. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித்தான் போட்டீர்கள். மிச்சம் ஏழும் தேறின. அந்த ஒன்பது தாள் போதுமானதாக இருந்தது. சாயங்காலம் பேத்தி பிறந்தாள்.

மகள் கண் விழித்ததும் மாப்பிள்ளை அவளிடம் கதையைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நீங்கள் கண்ணை மூடும்வரை அவளுக்கு அதுதான் கேலி. "அப்பாகிட்ட எந்தப் பேப்பரும் குடுக்காதீங்க, எல்லா எடத்துலயும் கையெழுத்து போட்டுடுவாரு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேனே, அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஊர் திரும்பும் வழியில் ஒரே ஒரு முறை கேட்டேன், ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று. "என்னைப் படிக்காதவன்னா யாருக்கும் புதுசு இல்ல. உன்னைச் சொன்னா உனக்குத் தாங்காது" என்றீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீழே போடச் சொன்னது நான், அப்பாவுக்கு விஷயம் சரியாகத் தெரியும், நான்தான் மிரட்டிப் போட வைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் அழுதுவிட்டாள்.

"அப்பா போனப்புறமும் அவரை விட்டுக்குடுக்க மாட்டியாம்மா நீ?"

இல்லடி, சத்தியமா நான்தான் என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்று குழந்தையைத் தேற்றுவதுபோல் தேற்றுகிறாள். எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. அவள் கண்ணில் நான் இன்னும் ஒரு படி உயர்ந்துவிட்டேன். நடந்தது தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். வந்து சொல்லுங்களேன்.