விளக்கை யார் ஏற்றுவது

ஹரோ, லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள மகள் ஜதுர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தம்பி கௌசிகனும் சுகமாக இருக்கிறோம், பிள்ளையார் உன்னையும் கனடாவில் சுகமாக வைத்திருப்பார் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், ஏனென்றால் அதை உன் வாயால் கேட்டுக் கனநாளாகிறது. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வருகிறது, அந்த விரலை வைத்துக்கொண்டு பிள்ளை சாப்பிட்டாளா, அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டதா என்று நான் எப்படி அறிவது. போனில் பேசினால் நான் ஒன்றில் அழுவேன் இல்லாவிட்டால் ஏசுவேன், இரண்டும் உனக்குப் பிடிக்காது என்பதால் பேனையை எடுத்தேன். தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புவான், கடதாசி பின்னால் தபாலில் வரும். எழுத இருந்த இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அடுப்பைப் பார்க்க, கதவைப் பார்க்க, போனைப் பார்க்க என்று எழும்பி எழும்பி இருக்கிறேன், மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

முதலில் சந்தோசமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்வி மாவட்டம் உனக்கும் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வைத்த பாராட்டு விழா வீடியோவை அப்பா திரும்பத் திரும்பப் போட்டு இன்னும் பார்த்து முடிக்கவில்லை. காட்டுத்தீப் புகை ஊருக்குள் வந்தபோது உன் பிள்ளைகள் தாங்களே செய்த புகை அளக்கும் பெட்டிகளை பஸ் நிறுத்தங்களில் பூட்டி, இன்றைக்கு வயதானவர்கள் வெளியே வர வேண்டாம் என்று சொன்னதற்காக அந்தச் சின்ன ஊரே எழும்பி நின்று கை தட்டுகிறது. ரெய்னர்ஸ் லேன் மரக்கறிக் கடையில் பில் போடுகிற சுஜீத்துக்கும் அப்பா அதைக் காட்டிவிட்டார், பின்னால் வரிசையில் நின்ற சனம் பொறுத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பிடித்த இடம் வேறு. பிள்ளைகளின் பெயரெல்லாம் வாசித்து முடிந்து உன்னைக் கூப்பிட்டதும் நீ பின்னுக்கு ஒதுங்க, ஒரு சுருட்டைத் தலைக்காரி உன் சட்டைக் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்து வந்தாள். பெயர் வாசித்த அந்த மனிதர் உன் பெயரைக் கடித்துக் குதறினாலும் உன் பெயரை மட்டும்தான் சொன்னார், உனக்குப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் தேடவில்லை.

இங்கே தேடுகிறார்கள். நீ படித்த, நான் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அ ஆ சொல்லிக்கொடுக்கிற நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, மார்கழி விடுமுறையில் வரும் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர்களான பழைய மாணவர்களைக் கௌரவிக்கப் போகிறது, உன் பெயர்தான் முதல். நீயும் வருவதாகத்தான் இருந்தாய். அதற்குள் இந்த மங்கள விளக்குக் கதை வந்து சேர்ந்தது. திரு திருமதி இன்னார் என்று சோடி சோடியாகத்தானே நம் ஆட்கள் விளக்கேற்ற மேடைக்குக் கூப்பிடுவார்கள், அது உனக்குத் தெரியும். நீயும் மருமகன் சஞ்சயனும் பிரிந்ததை அறிந்த பள்ளிக் கமிட்டித் தலைவர் சண்முகராசா அண்ணை, பிள்ளை கேடயத்தை வாங்கட்டும், விளக்கை அவளுக்குப் பதிலாகத் தாய் தகப்பன் ஏற்றட்டும் என்று கூட்டத்தில் சொல்ல, பொருளாளராகிய உன் அப்பா அதற்குத் தலையை ஆட்டிவிட்டு வந்து, அன்றைக்கே உனக்குப் போனிலும் சொல்லிவிட்டார். அப்படியென்றால் தான் வரவில்லை என்று மட்டும் சொல்லி நீ போனை வைத்தாய். நீ கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு அந்தரம் இல்லை. அன்று தொடக்கம் சோறு அடிப்பிடிக்கிறது, ரயிலில் ரெய்னர்ஸ் லேனில் இறங்க வேண்டியவள் அக்ஸ்பிரிட்ஜ் வரை போய்த் திரும்பி வந்தேன்.

நேற்று வகுப்பு முடிந்த பிறகு மேரிசாந்தி ரீச்சரும் நானும் விழாச் சாமான்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். உனக்குப் பாட்டும் பேச்சும் பழக்கியவர், நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவது, திரி திரிப்பது, எண்ணெய் விடுவது, காற்றுப் படாமல் மேடையில் இடம் பார்ப்பது எல்லாம் ஒவ்வொரு விழாவுக்கும் அவர்தான். கணவர் இறந்துபோனவர் என்பதால் ஏற்றுவதற்கு மட்டும் அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. நான் உன் கதையைச் சொல்லி, ஒரு விளக்குத்தானே, பிள்ளையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று புறுபுறுத்தேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குப் பழகிப்போச்சு ரீச்சர். அவளுக்கும் பழக்கிப்போடாதேங்கோ" என்றார். சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டு நேரே சண்முகராசா அண்ணை வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி நாகேஸ்வரி அக்கா தேத்தண்ணி தந்தார், அது ஆறிப்போனது. அண்ணை தன்மையாகத்தான் பேசினார், தனக்கு ஒன்றுமில்லையாம், மண்டபத்துக்கு வருகிற சனம் கதைக்குமாம், நல்ல காரியத்தில் ஏன் வீண் பேச்சு வாங்க வேண்டும் தங்கச்சி என்றார். கூட்டம் சேர்க்க அழைப்பிதழில் அவள் முகத்தைப் பெரிதாகப் போடலாம், அவள் கை ஒரு திரியைத் தொடக்கூடாதா என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு கமிட்டியில் யோசிப்போம் என்றார். நம் கமிட்டி யோசிப்பது தேத்தண்ணியோடு வருகிற ரோல்ஸ் தட்டு வெறுமையாகும் வரைக்கும்தான் என்று உனக்கும் தெரியும். எது எப்படியோ, அவளுக்குப் பதிலாக நானும் அவரும் மேடை ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன், அப்பாவைக் கேட்காமலே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், மேரிசாந்தி ரீச்சர் சொன்னதையும் சேர்த்து, எல்லாம் சொன்னபோது அவர் காலையில் கூட்டிய தோட்டத்தைத் திரும்பவும் போய்க் கூட்டினார். எனக்கு வந்த கோபத்துக்குச் சாப்பாடு போடாமலே படுத்துவிட்டேன். இன்று விடிய, எனக்குக் கேட்க வேண்டும் என்றே போல, படிக்கட்டில் நின்று தலைவருக்குப் போன் எடுத்தார். "அண்ணை, எங்கட வீட்டிலையிருந்து விளக்கேத்துறதெண்டால் என்ரை மகள்தான் ஏத்துவாள், மேரிசாந்தி ரீச்சருக்குப் பிறகு. ஏலாதெண்டால் கணக்குப் பார்க்க வேறை ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு மறுமொழிக்கு நிற்காமல் வைத்துவிட்டார். உனக்கு நேரே சொல்ல வெட்கப்படுகிறார். இப்போது எதிரே பேப்பர் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு, எழுதி முடித்துவிட்டாயா என்று என்னைக் கேட்டுக் கேட்டு அரிக்கிறார்.

கமிட்டி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது பிள்ளை. சிலருக்கு இப்போதே முகம் கறுத்துவிட்டது என்று கேள்வி. முடிவு தெரிந்த பிறகு உனக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு அதுவே பிழை என்று பட்டது. அவர்கள் ஓம் என்றால்தான் நீ உன் வீட்டுக்கு வரலாம் என்று ஒன்றும் இல்லை. நீ வா. ஓம் என்றால் நீ ஏற்று, நான் கீழே இருந்து பார்க்கிறேன். மாட்டோம் என்றால் நீ, நான், அப்பா, தம்பி, மேரிசாந்தி ரீச்சர் எல்லோரும் முன்வரிசையில் போய் இருப்போம், எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராவது ஏற்றட்டும்.

விமான ரிக்கெற்றை விலை ஏறுவதற்கு முன் எடு, கழுத்தைச் சுற்றிக் கட்டாமல் வெளியே இறங்காதே, அந்தச் சுருட்டைத் தலைக்காரிக்கு அம்மாவின் அன்பைச் சொல். கலியாணத்துக்குப் பிறகு உனக்கு எழுதிய கடிதங்களை நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க என்றுதான் முடிப்பேன், நீங்கள் பிரிந்த பின் எப்படி ஆசீர்வதிப்பது என்று தெரியாமல் அந்த வரியையே விட்டுவிட்டேன். இன்றைக்கு எழுதுகிறேன். மகளே, நீ ஒருத்தியாகவே நிறைவாக இரு, தீர்க்காயுளோடு இரு, நீ தொட்டதெல்லாம் விளங்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா வசந்தமலர்