பேர் வெட்டுவது

அன்பு மகன் செல்லதுரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி தவமலர் எல்லாரும் சுகம், உன் சுகத்துக்குக் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். உன் கூட்டாளி சில்வஸ்டர் லீவில் வந்தபோது நீ தங்கச்சிக்குக் கொடுத்தனுப்பிய மால்ட் பவுடர் டின்னும் ஸ்கூல் பையும் கிடைத்தன. துபாய் வெயிலில் தலையில் துணி கட்டாமல் வேலை செய்யாதே. கீழ்கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை, தேயிலை மலையில் அட்டைக் கடி வேறு. இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

விஷயம் தவமலரைப் பற்றித்தான். நீ சொல்லிச் சேர்த்த இங்கிலீஷ் ஸ்கூலில் இருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது, மூன்று கூட்டத்துக்குப் பெற்றோர் வராவிட்டால் பிள்ளையின் பேர் வெட்டப்படும் என்று அவளே வாசித்துக் காட்டினாள். பேர் வெட்டுவது நமக்குத் தெரியாததா, மலைக்குப் பிந்திப் போனால் மேஸ்திரி தன் புத்தகத்தில் அன்றைய பேரை வெட்டுவார், அன்றைய கூலி போகும், மறுநாள் வழக்கம்போலப் பேர் விழும். ஸ்கூலிலும் ஒரு நாள் ஆஜர்தான் போகும் என்று நானும் அப்பாவும் கொழுந்து எடுக்கப் போய்விட்டோம். மூன்றாவது கூட்டமும் போச்சு. வெள்ளிக்கிழமை பிள்ளை சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். கேட்டால், டீச்சர் எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள், என் பேரைக் கூப்பிடவே இல்லை என்கிறாள். திங்கட்கிழமையும் வராவிட்டால் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். வேலாமணி டீச்சர் இன்னொரு டீச்சரிடம், எஸ்டேட்டுக்காரங்க டின்னு, பையி, ஷூவுன்னு ஒசத்தியா வாங்கிக் குடுத்துப் போடறாங்க, புள்ள என்ன படிக்குதுன்னு மட்டும் எட்டிப் பாக்கறதில்லீங்க என்று இவள் காதுபடச் சொன்னாராம். எனக்குக் கோபம்தான் வந்தது. குமாஸ்தா வீட்டம்மா வாங்குகிற டின்னைத்தானே நாமும் வாங்குகிறோம், நீ அனுப்பாத மாசம் கறி எடுக்காமல் அதை வாங்கினேன், அது பிள்ளையைப் பார்ப்பது இல்லையா. அப்புறம் யோசித்தால், அந்தம்மா டின்னும் வாங்குகிறார், கூட்டத்தில் முன்வரிசையில் போயும் உட்காருகிறார். நான் டின்னை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அப்பா பிடித்த பிடியில் நிற்கிறார். பீஸ் கட்டுறது நாம, படிச்சுக் குடுக்கிறது அவங்க, இங்கிலீசு தெரியாத நாம அங்க போயி என்னா பேசுறது, புள்ளைக்குத்தான் வெக்கம் என்கிறார். நமக்குப் பதிலாக எஸ்டேட் ஆபீஸ் பாலசுப்பிரமணியம் ஐயாவை அனுப்பலாமாம். பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஊரார் போய் நிற்பதா என்று கேட்டேன். தவமலரிடமே, நான் வந்தால் உனக்கு வெட்கமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் என் பச்சைச் சேலையைக் கசங்காமல் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குத் திங்கட்கிழமை, முதல் பஸ்ஸில் அவளோடு போகிறேன்.

மாரியாத்தா உன்னைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றுவாள், வேளைக்குச் சாப்பிடு. மறக்காதே, இனிமேல் டின் கொடுத்தனுப்ப வேண்டாம். அடுத்த கூட்டத்தில் டீச்சரிடம் பெற்றவள் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்பு, மனப்பாடம் செய்துகொள்கிறேன். நாளைக்கு மலையில் எனக்குப் பேர் விழாது. அவளுக்கு விழட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
மூக்கம்மா