எல்லா ஈசலும் உன் திரிக்கே

எப்போதும் எனக்கு முன்னால் நடந்த என் லூர்துக்கு,

நீ போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள் நேற்று. காலையிலேயே நம் மகள் சகாயம் வந்து உன் கல்லறைக்கு வெள்ளையடித்துச் சாமந்தி தூவிவிட்டாள். அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள், அந்த அதட்டல் உட்பட. "அப்பா, இருதய ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லுங்க. இன்னும் என்ன யோசிக்கிறீக?" என்று அங்கேயே பிடித்துக்கொண்டாள். "எனக்கு எதுக்கும்மா? உங்கம்மாகிட்டயே போய்ச் சேந்துக்கிறேன்" என்றேன். அழுதுவிட்டாள்.

மாலையில் மழை பெய்து ஓய்ந்தது. ஃபாதர் கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போனதும் எல்லாரும் மெழுகுதிரி ஏற்றினோம். அப்போதுதான் மண் திறந்துகொண்டது, லூர்து. வேலியோரப் புற்றிலிருந்து, சுவரடியிலிருந்து, பெயர் அழிந்த பழைய கல்லறைகளின் இடுக்கிலிருந்து, ஒரே நேரத்தில் ஈசல். ஒரு புற்று இன்னொரு புற்றுக்கு எப்படிச் சொல்லியிருக்கும்? சாம்பிராணிப் புகை மாதிரி எழுந்து, பிரிந்து, மறுபடி ஒன்றாகி மிதந்தன. பார்க்கப் பார்க்க நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

"ஏய்யா, திரிய அணைங்கய்யா! வாய்க்குள்ள போகுது!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் அணைத்தார்கள். நான் மாட்டேன் என்று நின்றேன். உன் திரியை நானே அணைப்பதா? அப்புறம் என்ன, கல்லறைத் தோட்டத்து ஈசல் மொத்தமும் உனக்கு விருந்தாளி! என் தலை, சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் ஈசல். "நல்லா வேணும் உங்களுக்கு" என்று அழுத கண்ணோடு சிரித்தாள் சகாயம். நீயும் சிரித்திருப்பாய்.

கொஞ்ச நேரத்தில் சிறகை உதிர்த்துவிட்டு உன் கல்லின்மேல் ஜோடி ஜோடியாக நடக்க ஆரம்பித்தன. முன்னால் பெண், அதைத் தொட்டபடியே பின்னால் ஆண். உயிரியல் வாத்தியாராக இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! குனிந்து பார்த்தது நேற்றுத்தான். ஓர் ஆண் பிடி தவறி விலகிவிட்டது. முன்னால் போன பெண் அப்படியே நின்றுவிட்டது. அவன் சுற்றிச் சுற்றித் தேடி வந்து தொட்ட பிறகுதான் நகர்ந்தது.

மானகிரி ரோட்டில் பூசைக்குப் போகும்போது நீயும் இப்படித்தானே? நான் எதையாவது பார்த்து நின்றால், திரும்பாமலே நீயும் நிற்பாய். "அங்குட்டு என்ன பராக்கு? மெதுவா வாங்க, நிக்கிறேன்" என்பாய். ஒரு நாளாவது என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாயா? பிறகு எதற்கு இப்படி அடித்துப் பிடித்து உன்னிடம் ஓடி வரப் பார்த்தேன்?

நானே குனிந்து உன் திரியை ஊதி அணைத்தேன். ஈசல் மெல்லக் கலைந்தது. "மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போடும்மா, அப்பா வாராகன்னு சொல்லு" என்றேன். எஸ்.டி.டி. பூத் வரைக்கும் சகாயம் என் கையை விடவே இல்லை.

வாக்குக் கொடுக்கிறேன், லூர்து. ஆபரேஷன் முடிந்து அடுத்த திருநாளுக்கும் வந்து திரி ஏற்றுவேன். ஈசல் வந்தால் அணைத்தும் விடுவேன். நீ அங்குட்டே நில். நான் மெதுவாக வருகிறேன்.

பின்னாலேயே வரும் உன் வீட்டுக்காரன்,
அந்தோணி