கேதீசனை நம்பி விட்ட கார்

கிரான்,
வைகாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

தர்சினி எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று இவ்வளவு நாளும் பழக்கத்துக்குத்தான் சொல்லி வந்தேன். இந்தமுறை உண்மையாகவே சுகம். மாமிக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டுதான் படத்துக்கு நிற்கிறாள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் இந்தக் கதையை நான் எடுத்தால் நீங்கள் பாதியில் வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்க முதல் கொஞ்சமாவது வாசிப்பீர்கள். ஸுஹைனா ரீச்சரின் தம்பி பக்கீர் லீவு முடிந்து டோகாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். மாமி இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம் கருவாடும் அதே பொதியில் இருக்கின்றன.

போன கிழமை நீங்கள் கேட்டதற்குப் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் கூட்டாளி கேதீசனுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமாம். அதற்காக, “எல்லாம் ஒரு விளக்கக் குறைவு” என்று நான் கார் கொம்பனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுக்க மாட்டேன். ஏன் என்பதை முழுதாக ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை. இப்போது கேளுங்கள்.

கார் வாங்கிய அன்று நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “வெளிக் கராச் ஒண்டிலயும் விடாத. சேர்விஸ் எல்லாம் கொம்பனியிலதான். கேதீசன்தான் அங்க மனேஜர், கண்ண மூடிக்கொண்டு குடு.” நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தேன். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நீங்கள் இருவரும் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நம்முடைய கலியாணத்தில் தோழனாக நின்றவன் அவன். மட்டக்களப்புக்கு ஒயில் மாற்றக் கொண்டுபோகும்போதெல்லாம், “தங்கச்சி, நீங்க உள்ள ஏசியில இருங்க, பெடியள் பாப்பானுகள்” என்பான். தேத்தண்ணி வரும், டீவி ஓடும். கொஞ்சம் கழித்துக் கார் கழுவித் துடைத்து, புது ஸ்ரிக்கர் ஒட்டி வாசலில் நிற்கும். பில்லையும் அவனே கொண்டுவந்து கையில் தருவான். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவனை யார் எட்டிப் பார்ப்பார்கள்? அவனை இனி அண்ணன் என்று எழுத மாட்டேன். அவன் இவன் என்றுதான் எழுதுவேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

மாசியில் பனிச்சங்கேணிப் பாலத்தில் நடந்தது இதுதான். வழக்கம்போல, மாதக் காசுக்கு ஏற்றிப்போகிற நாலு ரீச்சர்மாரையும் ஏற்றிக்கொண்டு வாகரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டமாவடியில் ஏறிய ஸுஹைனா ரீச்சர் முன் சீட்டில் இருந்தார். பாலத்தில் ஏறும்போது தகரத்துக்குள் கல்லைப் போட்டு உலுக்குவதுபோல ஒரு சத்தம். “யா அல்லாஹ், இதென்ன சத்தம் தர்சினி?” என்று ரீச்சர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒயில் பிழைத்தால் எரிகிற சிவப்பு லைற் எரிந்தது. உடனே ஓரத்துக்கு எடுத்தேன். நிறுத்துவதற்குள் எஞ்சின் தானாகவே இறுகி நின்றுவிட்டது. பாலத்துக்குக் கீழே வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஏறி வந்து காரைத் தள்ளினார்கள். மற்ற ரீச்சர்மார் வெயிலில் புத்தகப் பையோடு நடந்தார்கள், ஸுஹைனா ரீச்சர் என்னோடு நின்றார்.

கேதீசன் கொம்பனி லொறியில் வந்து இறங்கினான். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சிவப்பு லைற் எத்தின நாளாக் கிடந்திச்சு தங்கச்சி?” என்றுதான் கேட்டான். இப்போதுதான் எரிந்தது என்றேன். அவன் லொறிக்காரர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “பொம்புளையள் லைற்ற எங்க பாக்கிற, பாட்டுத்தான் கேப்பாங்க” என்றான். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிய முதல் உங்களுக்குக் கோல் எடுத்துவிட்டான்.

பிறகு நீங்கள் எனக்கு எடுத்தீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் மாமியும் மகளும் இருந்தார்கள். உங்கள் பக்கமும் ஸ்பீக்கர்தான், அறையில் இருந்தவர்களின் இருமல்கூடக் கேட்டது. “உனக்குக் கார் வாங்கித் தந்தது என்ட பிழை. லைற் எரியக்குள்ள ஓடினா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? அவன் எனக்குப் பொய் சொல்லமாட்டான்.” இதைச் சொன்னது நீங்கள். நான் பொய் சொல்வேன், அவன் சொல்லமாட்டான். உங்கள் அறையில் யாரோ களுக்கென்று சிரித்ததும் எனக்குக் கேட்டது. நீங்கள் சிரிக்கவில்லை என்று நம்புகிறேன்.

நான் கார் ஓடியதால் ரீச்சர்மார் தருகிற காசு மட்டுமா மிஞ்சியது என்று நினைக்கிறீர்கள்? விடியக் குளித்து, உடுத்து, நாலு பேர் எனக்காகக் காத்து நிற்கிற இடத்துக்குப் போவது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்கு நான் சொன்னதில்லை. ரீச்சர்மார் வேறு வானைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குசினிக்குள் இருந்தேன். வீட்டுக்கு வந்த ஆட்கள் எல்லாம் லைற் கதையைக் கேட்டார்கள். அவன் சந்திக் கடைவரைக்கும் பரப்பிவிட்டிருந்தான். கலியாண வீட்டில் பின்னால் இருந்த ஒருத்தி, “லைற் பாக்காத தர்சினி” என்று இன்னொருத்திக்கு என்னைச் சுட்டிக் காட்டினாள்.

காரை வாழைச்சேனையில் ஒரு கராச்சில் பிரிக்கச் சொன்னேன். பிரிக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஒயில் ஒயிலாக இருக்கவில்லை, றோட்டுக்கு ஊற்றுகிற தார்போல இறுகிப்போய் இருந்தது. கையால் வழித்து எடுத்தார்கள். ஒயில் பில்டரைப் பார்த்தேன். கார் செய்த இடத்தில் பில்டரைப் பூட்டியதும் போடுகிற மஞ்சள் கோடு பில்டரிலும் எஞ்சினிலும் சேர்ந்து ஒரே கோடாக, கலையாமல் இருந்தது. ஒரு தடவை கழற்றியிருந்தாலும் அந்தக் கோடு விலகியிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொடவே இல்லை, அத்தான். பில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்தது.

அந்தக் கோட்டைப் போனில் படம் எடுத்து அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மேசையில் காலை ஆட்டிக்கொண்டு பார்த்தான். “இது ஆரோ பழைய பில்டரப் பூட்டிப் படம் எடுத்திரிக்காங்க. வெளிக் கராச்சுக்காரனுகள் இப்பிடித்தான் ஆக்கள ஏமாத்துற. வீட்ட போங்க தங்கச்சி, துசாந்தனோட நான் கதைக்கன்.” அவன் உங்களோடு கதைத்தான். நீங்கள் திரும்பவும் என்னை ஏசினீர்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதுதான் முடிவெடுத்தேன். அவனை அழவைக்க வேண்டும். தனியாக அல்ல, நான் தலைகுனிந்து நின்றதுபோல நாலு பேர் பார்க்க. உங்களுக்குப் பொய் எழுத விருப்பமில்லை. நியாயம் கிடைக்க வேண்டும் என்ற நினைப்பெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது அவனுடைய முகம் கறுக்கிறதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

ஸுஹைனா ரீச்சரின் வீட்டுக்காரருக்கும் அதே கொம்பனியில் வாங்கிய கார் இருக்கிறது. நான் கேட்டதும் ரீச்சர் யோசிக்கவே இல்லை. “அண்டைக்குப் பாலத்தில அவனுகள் சிரிச்சது எனக்கும் சேத்துத்தான்” என்றார். ஓட்டமாவடியில் கார் கழுவுகிற இடத்தில் மேலே ஏற்றி, நானே அடியில் போனேன். என்னுடைய சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து, பில்டரிலும் ஒயில் வடிக்கிற ஆணியிலும் எஞ்சினோடு சேர்த்துக் கோடு இழுத்தேன். மஞ்சள் கோட்டை அவன் இல்லை என்று சொல்லலாம், சிவப்புக் கோட்டை நாங்கள் காயக் காயப் படம் எடுத்து வைத்தோம். நகத்துக்குப் பூசும்போதுகூட அவ்வளவு கவனமாக நான் பூசியதில்லை.

கொம்பனி சித்திரைப் புதுவருடத்துக்கு வாடிக்கையாளர் தினம் வைத்தது. பந்தல், பாட்டு, பால்சோறு, கொழும்பிலிருந்து கொம்பனிப் பெரியவர்கள். அன்று சேர்விஸ் செய்தால் சலுகை என்று ஊரெல்லாம் நோட்டீஸ். ரீச்சர் காரைக் கொண்டுபோய் ஒயில் மாற்றக் கொடுத்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன். கேதீசன் புதுச் சேட்டுப் போட்டு, பெரியவர்களுக்குப் பின்னாலேயே திரிந்தான். கார் கழுவி வந்தது. ஸ்ரிக்கர், பில், சிரிப்பு எல்லாம் சரியாக வந்தன.

வாடிக்கையாளர்கள் இரண்டு வார்த்தை பேசலாம் என்று மைக்கைக் கொடுத்தார்கள். ரீச்சர் எழும்பி நன்றி சொல்லிவிட்டு, “என்ட கூட்டாளி ஒரு சின்ன விசயம் கேக்கணுமாம்” என்று மைக்கை எனக்குத் தந்தார். கேதீசன் அப்போதுதான் என்னைக் கண்டான். “இந்தக் காருக்கு இப்ப ஒயில் மாத்தினதா பில் தந்திரிக்கீங்க. எல்லாரும் பாக்க ஒருக்கா மேல தூக்கிக் காட்டுங்க” என்றேன். அவன் ஓடி வந்து மைக்கைப் பிடிக்கப் பார்த்தான். “இது குடும்பப் பிரச்சின சேர்” என்று கொழும்பிலிருந்து வந்த பெரியவருக்குச் சிங்களத்தில் சொன்னது எனக்கே விளங்கியது. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், “தூக்கு. பாப்பம்” என்றார்.

தூக்கினார்கள். சனம் கதிரையை விட்டு எழும்பி வந்து சூழ்ந்துகொண்டது. பில்டரிலும் ஆணியிலும் என்னுடைய சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. பெரியவர் தானே குனிந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர் தன்னுடைய காரையும் தூக்கச் சொன்னார். பிறகு இன்னொருவர். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். கேதீசன் சுவரோடு சாய்ந்து நின்றான். அவன் முகத்தை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. எங்கள் கார்களுக்கு ஊற்ற வேண்டிய ஒயில் தகரத்தோடு பின் கேற்றால் கடைகளுக்குப் போயிருக்கிறது. அவனுக்கும் அடியில் வேலை செய்த இரண்டு பேருக்கும் வேலை போனது. அதில் பழுகாமத்து மனிசன் ஒருவர் வீடு தேடி வந்து, “சேர் சொன்னதத்தான் அக்கா செஞ்சம்” என்று அழுதார். “ஆணி உங்கட கையிலதானே இருந்திச்சு” என்றேன். அவர் போனபிறகு போட்ட சோற்றைச் சாப்பிடாமல் மூடி வைத்தேன். அது வேறு விசயம்.

எனக்குப் புது எஞ்சின் போட்டுத் தந்துவிட்டார்கள். ரீச்சர்மார் நாலு பேரும் திரும்ப என்னோடுதான் வருகிறார்கள். இப்போது ஊரில் கார் வைத்திருக்கிற பெண்கள் என்னைக் கேட்கிறார்கள், கொம்பனியில் விடலாமா, வெளியில் விடலாமா என்று. எங்கே விட்டாலும் பழைய ஒயில் வடிந்து புதுசு ஊற்றி முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள் என்று சொல்லுகிறேன். நிற்க விடாத இடத்தில் விடாதீர்கள். அந்தக் கொம்பனியிலும் இப்போது வெயிலில் கதிரை போட்டுத் தந்திருக்கிறார்கள். ஏசி அறையில் ஒருவரும் இருப்பதில்லையாம்.

கடைசியாகத்தான் கேதீசனின் மனிசி தக்சிகா வந்தாள், கைக்குழந்தையோடு. நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று அவளே சொன்னாள். “துசாந்தன் அண்ணன் சொன்னவர், நீங்க ஒரு கடிதம் குடுத்தா வேல திரும்பக் கிடைக்குமாம். அவர் ஒரு பிழையும் செய்யல்ல அக்கா, மற்றவங்கதான் மாட்டிவிட்டாங்க.” நான் தேத்தண்ணி கொடுத்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். “பிழ செய்யாத மனிசன் ஏன் உங்கள அனுப்பினவர்? அவர ஒருக்கா வரச் சொல்லுங்க” என்றேன். அவள் மாமியைப் பார்த்தாள். மாமி இவ்வளவு நாளும் அவன் பக்கம் கதைத்தவர் என்று அவளுக்கும் தெரியும். மாமி எழும்பி வந்து, பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையை அவள் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தக்சிகா போனாள். பிள்ளைக்குப் பால்மா வாங்க நான் ஏதும் கொடுத்தேனா இல்லையா என்பது உங்களுக்குத் தேவையில்லை.

அவன் ஒரு கூடாரத்தில் உங்களோடு படுத்தவன். அதை நான் மறக்கவில்லை. அவனுக்கு உதவ வேண்டுமானால் அங்கே ஒரு வேலை எடுத்துக் கொடுங்கள், உங்கள் விருப்பம். ஆனால் என்னுடைய கையெழுத்தைக் கேட்காதீர்கள். அவனுடைய கதை என்னிடம் முடிந்துவிட்டது. உங்களுடையது முடியவில்லை. அதை நான் யாரையும் கூட்டி வைத்து, எதையும் மேலே தூக்கிக் காட்டிக் கேட்கப்போவதில்லை.

ஆவணியில் லீவு என்றீர்கள். கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்க வேண்டாம், நானே காரில் வருகிறேன். முன் சீட் ஸுஹைனா ரீச்சருக்கு. அவருக்கும் உங்களைப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் பின்னால் ஏறுங்கள். கிரான் வரைக்கும் நீண்ட ஓட்டம், நான் பாட்டுப் போடமாட்டேன். என்னிடம் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், ரீச்சர் கேட்கவே சொல்லிக்கொண்டு வரலாம்.

அங்கே வெயில் கூடும் மாதம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், தலையில் துணி போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள். சித்தாண்டி முருகன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் என் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
து. தர்சினி