பஸ் எந்தப் பக்கம் போனது?

கல்யாணமான நாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாத, இப்போதும் எழுதக் கை வராத, அந்தோணி அப்பாவுக்கு,

முதலில் நல்ல சேதிகள். நம் அந்தோணியின் மகன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்தது டீச்சர் மகள், அதை விடுங்கள். சின்னவள் மகன் ஓட்டப்பந்தயத்தில் ஜில்லா அளவில் கப் வாங்கியிருக்கிறான். உங்கள் கால் அவனுக்கு. நம் பேத்தி ரீட்டா புனேயில் மூளை ஆராய்ச்சி செய்கிறாள். டாக்டர் பட்டம் வரப்போகிறது, ஊசி போடாத டாக்டர். எலிகளோடுதான் வேலை என்றால் பால்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் வீட்டில் யார் புனே போனார்கள்?

அந்த எலிதான் இப்போது என்னை ஓரிடத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறது. உங்கள் வருஷப் பூசைக்காகக் கோயில் மாதத் தாளில் இதைப் போடப் போகிறார்கள். நாலு பேர் படிப்பார்கள். படித்தால் என்ன, உங்களிடம் கேட்க எனக்கு வேறு வழியில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த ரீட்டா, என்னோடு கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"எலி மூளைக்குள்ள ஹிப்போகேம்பஸ்னு ஒண்ணு இருக்கு ஆயா. எலி ஒரு எடத்துல நின்னா ஒரு செல்லு துடிக்கும். நாலடி தள்ளிப் போனா வேற செல்லு. தலமுடி மாதிரி ஒயர் வச்சு அத நாங்க பாப்போம்."

"பாவம்டி, வலிக்காதா?"

"மயக்கம் குடுத்துத்தான் வைப்போம். நீ கேளு. ஓடி முடிச்ச எலி சும்மா படுத்திருக்கும். அப்பவும் அதே செல்லுங்க அதே வரிசையில துடிக்கும். போன வழிய உள்ளுக்குள்ள திரும்ப ஓட்டிப் பாக்குது."

ஓடியதற்கு எத்தனையோ நேரம் ஆகியிருக்கும், உள்ளுக்குள் ஓடுவது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுமாம். சில சமயம் புறப்பட்ட இடத்திலிருந்து ஓடும். சில சமயம் தலைகீழாக, போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கு ஓடும்.

கீரையை அப்படியே வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்த அந்த மதியம் நினைவுக்கு வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் நிலக்கரி மைன்ஸ் கம்பெனி பஸ் போகும் வழியை முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணித் தொட்டி, பஜார், ரயில்வே கேட் என்ற பெயர்கள் காதில் விழுந்தன, எது முதலில் என்று நான் கவனிக்கவில்லை. திடீரென்று, "நிறுத்துப்பா, பஜாருல எறங்கணும்" என்றீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியாமலா இருக்கும்.

"பஜாருல என்னா வேல? ஷிப்டுக்கு லேட்டாவுது, போங்க."

உங்களை அவசரப்படுத்தி டூட்டிக்கு அனுப்பியே பழகின வாய். சமாதானமாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள்.

கடைசி மூச்சு வரைக்கும் டூட்டி நினைப்பு என்று எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொன்னேன். உள்ளே வேறு இருந்தது. அந்த நேரத்திலும் மைன்ஸ்தானா, நான் இல்லையா என்ற கோபம். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்த மதியத்தைச் சொன்னதும் ரீட்டா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தாத்தா எத மொதல்ல சொன்னாரு ஆயா?"

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போகும் வழிதான் எனக்குப் பாடம். வரும் வழியை நான் எங்கே பார்த்தேன்? வீட்டில்தானே இருந்தேன். மூன்று நாள் அந்த மூன்று பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். பாலைப் பொங்க விட்டேன், செபமாலையில் பாதியில் வழி தவறினேன். நாலாம் நாள் மந்தாரக்குப்பம் பஸ் ஏறி, உங்கள் ஷிப்டுக்கார கதிர்வேல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் அவரும் இருந்தாரே.

"ரயில்வே கேட்டுதான் மொதல்ல சொன்னாரு தங்கச்சி. அப்புறம்தான் பஜாரு, தண்ணித் தொட்டி. வர வழி அது. அதான் பஜாருல எறங்கணும்னாரு."

"நல்லா ஞாபகம் இருக்கா அண்ணே?"

"எலிக்கே இருக்குதுன்ற, எனக்கு இருக்காதா? டூட்டிக்குப் போவ சொல்ல எவனாவது பஜாருல எறங்குவானா? வர சொல்லதான் எறங்குவாரு. ஒனக்குப் பக்கோடா வாங்க. அவரு பொட்டலம் கட்டிகினு வர வரைக்கும் டிரைவர்கிட்ட நாங்க திட்டு வாங்குவோம். நீ சாப்ட பக்கோடா பூரா நாங்க வாங்குன திட்டுதான்."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ அழுதுகினு இருந்த."

ஆக, நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள். பாதி வழியில் நான்தான் திருப்பி அனுப்பினேன். அப்படித்தானே? வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. புனே திரும்பியிருந்த ரீட்டாவுக்குப் போன் போட்டு அழுதேன். பொய்யாகவாவது ஆறுதல் சொல்லுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை, உங்கள் பேத்தி.

"எலிய வச்சுத் தாத்தாவச் சொல்ல முடியாது ஆயா. தலைகீழா ஓட்டுனா திரும்பி வர நெனைக்குதுன்னும் அர்த்தம் இல்ல."

"அப்ப எதுக்குடி அத்தன படிப்பு?"

"ஒண்ணு மட்டும் சொல்றேன். எலிக்கு அந்த ஓட்டம் ரொம்ப வேகம். தாத்தாவுக்கும் அப்படி இருந்தா, நீ வாயத் தொறக்கிறதுக்குள்ள அவரு வூடு வந்து சேந்திருக்கலாம். வரலன்னும் இருக்கலாம். எனக்குத் தெரியாது ஆயா."

அதிலிருந்து மதியமானால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். வந்துவிட்டீர்களா? செருப்பைக் கழற்றினீர்களா? பொட்டலத்தை எங்கே வைத்தீர்கள்?

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். ஹாலில் மாட்டியிருக்கும் ஹெல்மெட் போட்ட படத்தைக் கழற்றிவிட்டேன். எப்போது பார்த்தாலும் டூட்டிக்குக் கிளம்புகிற முகம். ரீட்டா போனில் இன்னொரு படம் இருக்கிறது. பனியனோடு நாற்காலியில் காலை நீட்டியிருக்கிறீர்கள், நான் எதற்கோ திட்டுகிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள். ரீட்டா, இதைப் படித்தால் மறக்காதே கண்ணு. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பூசைக்கு முன்னால் வந்து சேரும்படி தபாலில் அனுப்பு.

கடைசியில் என்ன சொன்னார் என்று இனி யார் கேட்டாலும், வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களை இனி எங்கேயும் அனுப்பாத,
அந்தோணியின் அம்மா, ரீட்டாவின் ஆயா